கண்ணாடியை மாற்றினால் அம்மா விழுவது நின்றுவிடுமா?

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கும் உங்கள் தாயார், வயது 74, மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை விழுந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை அந்தி நேரத்தில் கொல்லைப்படியில் இறங்கும்போது. இரண்டாம் முறை காலை வெயிலில் நடந்துபோய்க் கோயிலுக்குள் நுழையும்போது. வலக்கண்ணில் போன வருடம் புரை ஆபரேஷன் நடந்திருக்கிறது. இடக்கண்ணில் இருக்கும் புரை முற்றட்டும் என்று விட்டுவைத்திருக்கிறீர்கள். ஆபரேஷனுக்கு முன்பு போட்டிருந்த, மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் ஆன பைஃபோகல் கண்ணாடியைத்தான் இன்னமும் போட்டுக்கொள்கிறார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சென்னையிலிருந்து விலை உயர்ந்த ப்ரோகிரசிவ் கண்ணாடி (கோடு தெரியாமல் தூரத்துக்கும் படிக்கவும் சேர்ந்தது) ஒன்று வாங்கிக் கொடுத்தால் விழுவது நின்றுவிடுமா என்பது உங்கள் கேள்வி. அம்மா விழுவதற்குக் கண்தான் காரணமா, அப்படியானால் எதை முதலில் செய்ய வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்தே நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

டெல்டா மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது, முகாம்களில் புரை உள்ளவர்களைக் கண்டறிந்து ஆபரேஷனுக்கு அனுப்புவது, திரும்பி வந்தவர்களுக்குச் சொட்டு மருந்தும் கண்ணாடியும் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்ப்பது ஆகியவை என் வேலை. நான் டாக்டர் அல்ல. எலும்பு, இதயம், நரம்பு பற்றி நான் சொல்பவற்றை உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கண்ணைப் பற்றிச் சொல்பவற்றைக் கொஞ்சம் துணிவோடு சொல்கிறேன். உங்கள் தாயார் விழுவதில் கண்ணுக்குப் பங்கு இருக்கிறது என்றே நீங்கள் எழுதிய விவரங்கள் காட்டுகின்றன. ஆனால் அந்த ப்ரோகிரசிவ் கண்ணாடியை இப்போது வாங்க வேண்டாம்.

முதலில், அவர் விழுந்த இரண்டு இடங்களையும் பாருங்கள். இரண்டிலும் வெளிச்சம் மாறுகிறது. வயது ஏற ஏறக் கண் பாப்பா சுருங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் லென்சும் மஞ்சளாகிறது. 20 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிறது. நமக்கு 'இன்னும் லைட் போட வேண்டியதில்லை' என்று தோன்றும் அந்தி நேரம் அவருக்கு இருட்டு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகுவதற்கும் வயதானவர் கண் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நம் பக்கத்துக் கோயில்களில், வெயிலில் வெளுத்துக் கிடக்கும் பிராகாரத்திலிருந்து ஓர் எட்டு வைத்தால் எண்ணெய் விளக்கு மட்டும் எரியும் மண்டபத்துக்குள் போய்விடுவோம். அந்த எட்டில்தான் உயரமான வாசற்கல்லும் குறுக்கே கிடக்கிறது. கருங்கல் தரை, கருங்கல் படி, மேலே எண்ணெய்க் கசிவு. இடக்கண்ணில் புரையோடு அங்கே நுழைபவர் அந்தக் கல்லைக் காணாதிருப்பதில் வியப்பில்லை. வாசலுக்கு இப்பால் தூணையோ சுவரையோ பிடித்தபடி ஒரு நிமிடம் நின்று, உள்ளே இருப்பவை புலப்பட்ட பிறகு காலெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் சுவரில் மாட்டிய அட்டையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார் என்பதால் நடக்கும்போது அவருக்கு எல்லாம் தெரிகிறது என்று ஆகாது. அந்த அட்டை வெள்ளையில் கறுப்பு எழுத்து. அதைவிடத் தெளிவான வேறுபாடு வாழ்க்கையில் வாய்ப்பதில்லை. படியின் விளிம்பும் தரையும் ஒரே நிறத்தில் இருக்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்க்கும் திறன் வேறு. எது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணிக்கும் திறனும் வேறு. முதியவர்கள் விழுவதோடு அதிகத் தொடர்புடையவை இந்த இரண்டும்தான் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆழம் கணிக்க இரண்டு கண்ணும் ஒத்துழைக்க வேண்டும். உங்கள் தாயாருக்கு ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு குறை.

அதற்கு மேல் இப்போது அவர் போட்டிருப்பது ஆபரேஷனுக்கு முந்தைய கண்ணாடி. இது எனக்கு மிகவும் கவலை தரும் விவரம். புரையை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு அந்தக் கண்ணின் பவரே மாறிவிடும். பழைய கண்ணாடியின் வலப்பக்கச் சில்லு இப்போது அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. நல்லபடியாக ஆபரேஷன் ஆன கண்ணை அந்தச் சில்லே மங்கலாக்கிக்கொண்டிருக்கக்கூடும். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் புதிய பவர் எழுதிக் கொடுத்திருப்பார்கள், கண்ணாடியும்கூடக் கொடுத்திருக்கலாம். பீரோவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முகாமில் கொடுத்த கண்ணாடி டப்பா பிரிக்கப்படாமல் புடவை மடிப்புக்குள் இருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். 'இது பழகிப்போச்சு தம்பி, அது என்னவோ தலையைச் சுத்துது' என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யல்ல.

பைஃபோகல் விஷயத்துக்கு வருகிறேன். அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. ஏறக்குறைய ஒன்றே கால் அடி தூரத்தில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும்படி அரைத்தது. நடக்கும்போது நாம் கீழே பார்ப்பது தரையை. அது ஐந்தடி, ஆறடி தள்ளி இருக்கிறது. ஆகவே படி இறங்கும்போது குனிந்து பார்த்தால், படிப்பதற்கான சில்லு வழியாகப் படியின் விளிம்பைப் பார்க்கிறார். விளிம்பு கலங்கித் தெரிகிறது, இடம் மாறியும் தெரிகிறது. ப்ரோகிரசிவ் கண்ணாடியில் நடுவே கோடு தெரியாதே தவிர, கீழ்ப்பகுதியின் குணம் இதேதான். பக்கவாட்டில் வேறு சற்று நெளிந்து தெரியும். 45 வயதில் போட ஆரம்பித்தவர்கள் அதற்குப் பழகிவிடுகிறார்கள். 74 வயதில், ஏற்கெனவே இரண்டு முறை விழுந்த ஒருவருக்கு முதன்முறையாக அதைக் கொடுப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வுகள் இதில் என்ன சொல்கின்றன என்பதையும், அவை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். 2007-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 70 வயது கடந்த 616 பேரில் ஒரு பாதிக்கு முழுமையாகக் கண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்குப் புதுக் கண்ணாடியும் சிகிச்சையும் கொடுத்தார்கள். விழுவது குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 57 சதவீதம் கூடியது. பவர் பெரிதாக மாறியபோது பொருள்களின் அளவும் தூரமும் மாறித் தெரிந்து, பழகும் வரை கால் தவறியிருக்கலாம் என்பதும், கண் தெரிகிறது என்ற தைரியத்தில் கூடுதலாக நடமாடியிருக்கலாம் என்பதும் சொல்லப்படும் விளக்கங்கள். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்படவில்லை. 2010-ல் அதே நாட்டில் வந்த இன்னோர் ஆய்வு, பைஃபோகல், ப்ரோகிரசிவ் போடும் 606 முதியவர்களை எடுத்துக்கொண்டது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, வெளியே நடமாடும்போது போட்டுக்கொள்ளத் தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைத் தனியாகக் கொடுத்தார்கள். அடிக்கடி வெளியே போய்வருபவர்கள் விழுவது 40 சதவீதம் குறைந்தது. வீட்டோடு இருப்பவர்களுக்கோ, வெளியே போன சமயங்களில் விழுவது அதிகமாயிற்று. ஒரே கண்ணாடி எல்லோருக்கும் நன்மை செய்வதில்லை என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் தாயார் தினமும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து போகிறவர். அவருக்கு இரண்டு கண்ணாடி தேவை. தூரத்துக்கு மட்டுமான சாதாரணக் கண்ணாடி ஒன்று, காலையில் எழுந்ததும் போட்டுக்கொண்டு நடமாட. படிக்கவும் அரிசி பொறுக்கவும் வேறொன்று, உட்கார்ந்த இடத்தில் வைத்துக்கொள்ள. படிக்கும் கண்ணாடியோடு எழுந்து நடக்கக் கூடாது. ஃப்ரேம்களை வேறு வேறு நிறத்தில் வாங்கிவிட்டால் குழப்பம் குறையும். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு நீங்கள் நினைத்திருக்கும் ப்ரோகிரசிவ் விலையில் சிறு பங்குதான். பவர் பார்ப்பவரிடம், 'இரண்டு முறை விழுந்திருக்கிறார்' என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். பொதுவாக அப்படிப்பட்டவர்களுக்கு முக்கால் பவருக்கு (0.75) மேல் ஒரேயடியாக மாற்றாமல், படிப்படியாக மாற்றுவது பாதுகாப்பானது என்பது கண் பரிசோதனைத் துறையில் மதிக்கப்படும் ஆலோசனை. பெரிய ஆய்வுகளால் நிறுவப்பட்டதன்று. ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அந்த விதியை அப்படியே வைக்கவும் முடியாது. புதுக் கண்ணாடி வந்த பிறகு முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளும் தெரிந்த பாதையிலும் மட்டும் நடக்கட்டும். படி ஏறி இறங்கும்போது யாராவது கூட இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது இடக்கண் ஆபரேஷன். 'புரை முற்றட்டும்' என்பது, லென்ஸ் வைக்கும் முறை வருவதற்கு முன்பிருந்த காலத்துப் பேச்சு. இப்போது முற்றவிடுவதால் ஒரு நன்மையும் கிடையாது. கல்லாக இறுகிய புரையை எடுப்பதுதான் டாக்டருக்கும் கடினம், கண்ணுக்கும் சிரமம். கோடை கழியட்டும், ஆடி போகட்டும் என்பதற்கும் மருத்துவக் காரணம் இல்லை. இன்னொரு விஷயமும் நம் ஊர்களில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சில பெரியவர்கள் 70 வயதுக்கு மேல் திடீரென்று கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்க ஆரம்பிப்பார்கள். கண் திரும்ப இளமையாகிவிட்டது என்று வீடே மகிழும். லென்சின் நடுப்பகுதி இறுகிக் கிட்டப்பார்வை உண்டாவதால் வருவது அது. புரை வளர்கிறது என்பதற்கு அடையாளம். அந்தக் கண் தூரத்தில் மங்கும், ஆபரேஷன் ஆன கண்ணோடு பவரில் பெரிய வித்தியாசம் காட்டும், படி இறங்கும்போது ஆழம் தவறும்.

புரை ஆபரேஷனால் விழுவது குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 70 வயது கடந்த 306 பெண்களை வைத்து நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், முதல் கண்ணுக்குச் சீக்கிரமாக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஓராண்டு காத்திருந்தவர்களைவிட 34 சதவீதம் குறைவாக விழுந்தார்கள்; எலும்பு முறிவும் அவர்களிடையே குறைவு. இரண்டாவது கண்ணுக்கு அதே குழு செய்த ஆய்விலும் விழுவது 32 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் ஆட்கள் குறைவு என்பதால், அது தற்செயலாக வந்த வித்தியாசமாகவும் இருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே முதல் கண்ணுக்குச் சொல்லும் அதே உறுதியோடு இரண்டாவது கண்ணுக்கு என்னால் சொல்ல முடியாது. இருந்தாலும் ஆழம் கணிக்கும் திறன் இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு கூடுகிறது என்பது தெளிவு. அம்மாவின் நிலையில் தள்ளிப்போடக் காரணம் எதையும் நான் காணவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆபரேஷனுக்குப் பிறகு மீண்டும் பவர் மாறும் என்பதால், இப்போது விலை உயர்ந்த கண்ணாடி வாங்குவது வீண் செலவும் ஆகும்.

அந்த ஆபரேஷனுக்குத் தேதி கிடைப்பதற்குள் வீட்டைச் சரிசெய்துவிடலாம். இதில்தான் எனக்கு மிகுந்த நம்பிக்கை. நியூசிலாந்தில் பார்வை மிகக் குறைந்த, 75 வயது கடந்த 391 பேரை வைத்து நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து ஆபத்தான இடங்களைப் பார்த்துத் திருத்தியது மட்டுமே விழுவதை 41 சதவீதம் குறைத்தது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படி ஏற்றமோ இறக்கமோ உண்டு. கூடமும் முற்றத்து விளிம்பும் ஒரே சிவப்பு சிமெண்ட். வாசல் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைக்கிறோம். புரை விழுந்த கண்ணுக்கும் அது பளிச்சென்று தெரியும். கொல்லைப்படிக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. அதற்கும், முற்றத்து விளிம்புக்கும், கிணற்றடி மேடைக்கும் இரண்டு அங்குல அகலத்தில் மஞ்சள் பெயிண்டோ வெள்ளைப் பெயிண்டோ ஒரு பட்டை அடித்துவிடுங்கள். படியின் மேல்பரப்பும் முன்பக்கமும் சேரும் முனையில் அடிக்க வேண்டும். உள்ளே தள்ளி அடித்தால் அதுவே கண்ணை ஏமாற்றும். வழவழப்பான எனாமல் பெயிண்டில் கொஞ்சம் மணல் தூவிவிட்டால் கால் வழுக்காது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு படித்துறைப் பக்கமே அவரைத் தனியாகப் போகவிட வேண்டாம். பாசி படிந்த கல் நல்ல கண்ணுக்கே தெரியாது.

விளக்கு விஷயத்தில் வாட்ஸ் கூட்டுவதைவிட இடம் முக்கியம். கொல்லைக் கதவின் உட்புறம் மட்டும் பல்பு இருந்தால், இறங்குபவரின் நிழல் அவர் கால் வைக்கும் படியிலேயே விழும். பல்பு வெளிப்புறச் சுவரில், கண்ணைக் கூசாத மூடியோடு இருக்க வேண்டும். ஸ்விட்ச், படியை இறங்குவதற்கு முன்பே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் சிறு விளக்கு எரியட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் அடிக்கடி போகும் ஊர் உங்களுடையது என்பதால், மின்சாரம் போனால் தானாக எரியும் சார்ஜ் பல்பு ஒன்றைக் கழிப்பறை வழியிலும் ஒன்றைக் கொல்லையிலும் போட்டுவையுங்கள். நான் ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் அதைத்தான் செய்வேன்.

கண்ணைத் தாண்டிய காரணங்களையும் விட்டுவிட முடியாது. விழுவதற்கு முன் தலை லேசாகிக் கண் இருட்டியதா, உட்கார்ந்திருந்து எழுந்த உடனே நடந்ததா, நினைவு தப்பியதா என்று கேளுங்கள். அப்படியானால் கண் டாக்டருக்கு முன்பாகப் பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். தூக்க மாத்திரை, சர்க்கரை தாழ்ந்துபோதல், பாதத்தில் உணர்ச்சி குறைதல் எல்லாம் விழவைக்கும். கண் அழுத்த நோயான கிளாகோமாவுக்கு டைமொலால் சொட்டு மருந்து போடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். கண்ணில் விடும் அந்தத் துளி ரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடும். மருந்து விட்டதும் மூக்கை ஒட்டிய கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் உடலுக்குள் போவது குறையும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சர்க்கரை இருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். அதோடு கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். கிளாகோமா பக்கப் பார்வையையும் கீழ்ப்பார்வையையும் வலியில்லாமல் தின்றுவிடும், கீழே இருக்கும் படி தெரியாமல் போகும். விழித்திரை பார்க்க மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் பார்வை மங்கி வெளிச்சம் கூசும். அந்த நிலையில் அவரைத் தனியாகப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பாதீர்கள். பஸ் படியில் விழுவதற்கு அதைவிட வாய்ப்பான நேரம் இல்லை.

மீண்டும் விழ நேர்ந்து, எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், அது இடுப்பு எலும்பு முறிவாக இருக்கலாம். எண்ணெய் தேய்க்கவோ நீவவோ தூக்கி நிறுத்திப் பார்க்கவோ கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவராகவும் இருந்தால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவற்றைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் முதலில் ஓடி வரப்போவது அவர்கள்தான்.

ஆபரேஷனின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டும், கடைசியாக எழுதிக்கொடுத்த கண்ணாடிச் சீட்டும் கையில் இருந்தால், வலக்கண் பவரையும் பழைய கண்ணாடியின் பவரையும் இங்கே எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதையும், இடக்கண் ஆபரேஷன் வரை எந்தக் கண்ணாடியோடு நடமாடுவது நல்லது என்பதையும் பார்த்துச் சொல்கிறேன்.